கிழமைக்கு மூன்று நாள் மனிதர்

அவர் யாரிடமும் பொய் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப்போகிற ஒன்றும் அவருக்கு நல்லதாக இருக்காது. பொய் சொல்லமாட்டார். பாதி சொல்லுவார். மற்றப் பாதியைத் தனக்குள் வைத்துக்கொண்டு, நாங்கள் போய் இடறி விழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு வரும்வரை பேசாமல் இருப்பார். வந்து கேட்டால், "நீ அதைக் கேக்கேல்லையே, தம்பி" என்பார். குரலில் கேலி இருக்காது. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரித்தான் சொல்லுவார்.

நான் லண்டனுக்கு வந்த புதிதில் மனோர் பார்க்கில் ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தோம். ஞாயிறு பின்னேரங்களில் அவர் குட்மேய்ஸிலிருந்து பஸ் எடுத்து வருவார். எங்களுக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொல்லுவார், ஃபோம் நிரப்பித் தருவார். காசு வாங்கமாட்டார். சீனி போடாத ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் உறையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பேன். கிழித்தும் என்ன, ஞாயிறு வரும்வரை தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பேன். அதனால் படியில் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டால் எனக்கு அப்படி ஒரு ஆறுதல். அந்த ஆறுதலை இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தில் என்னை அகதி விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எந்த ரயில், எந்த ஸ்டேசனில் இறங்குவது, எந்தப் பக்கம் நடப்பது, எல்லாம் ஒரு கடதாசித் துண்டில் கீறித் தந்தார். நல்ல வடிவான படம். விடிய எழும்பிப் போனேன். வாசலில் நின்றவன் ஒரிஜினல் கடிதம் எங்கே என்று கேட்டான். என்னிடம் இருந்தது போட்டோக் கொப்பி. ஒரிஜினல் வீட்டில், தலையணைக்குக் கீழே. இன்னொரு தேதி வரும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தேதி வரும்வரை நான் சோறு தின்ற நாட்களை எண்ணலாம்.

"அண்ணை, ஒரிஜினல் கொண்டுபோக வேணும் எண்டு உங்களுக்குத் தெரியுமே?"

"ஓம். அந்தக் கடிதத்தில எழுதிக் கிடக்கு."

"பேந்து ஏன் சொல்லேல்லை?"

"நீ வழியைத்தானே கேட்டனீ."

வீட்டில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான், அதையும் மறைக்கவில்லை. கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் நீச்சல் குளத்தில் நிலக்கீழ் மெஷின் அறைக்கு அவர் பொறுப்பு. எனக்கு அவருடைய உதவியாள் வேலை. மேலே சனம் நீந்துகிற தண்ணீரைக் கீழே இழுத்து, வடித்து, சூடாக்கி, குளோரின் விட்டு, திரும்ப மேலே அனுப்புகிற இடம் அது. நாலு பெரிய ஃபில்டர் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரத்துக்கு மேலே. பம்புகள், சுவரெல்லாம் குழாய்கள், குழாய்களில் சைக்கிள் சில்லு மாதிரி வால்வுகள். ஒரு வால்வைப் பிழையாகத் திருப்பினால் மேலே முந்நூறு பேர் நீந்துகிற தண்ணீர் கலங்கும். பயந்தவனுக்கு ஏற்ற வேலை இல்லை. அல்லது பயந்தவனுக்குத்தான் ஏற்ற வேலை, எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை.

அங்கே அவர் முதுகைக் காட்டித்தான் வேலை செய்வார். மெலிந்த மனிதர், ஆனால் அந்த முதுகு எப்படியோ அகலித்துக் கொள்ளும். வால்வுக்கும் எனக்கும் நடுவில் நின்று ஏதோ திருப்புவார். நான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் அவருடைய தோள் இந்தப் பக்கம் வரும். முடிந்ததும் பழைய பேப்பரில் கையைத் துடைத்துக்கொண்டு, "விளங்குதே?" என்பார். நான் ஓம் என்று தலையாட்டுவேன். விளங்கவில்லை என்று சொல்ல எனக்குப் பயம். அவருக்கு அது நல்லாய்த் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் கிழமை எனக்கும் குணத்துக்கும் ஒவ்வொரு ஃபோம் வந்தது. குணம் உடுப்பு மாற்றுகிற அறைகளைத் துப்புரவு செய்கிறவன், எங்கள் வீட்டில் இருந்த ஆறு பேரில் ஒருவன். அவர் இரண்டையும் வாங்கி வாசித்தார்.

"இது பென்சன் ஃபோம். சேந்தால் மாசாமாசம் சம்பளத்தில வெட்டுவாங்கள். வேண்டாம் எண்டால் கீழ ஒரு கையெழுத்து."

"நீங்கள் என்ன சொல்லுறியள் அண்ணை?"

"நாட்டுக்குத் திரும்பிப் போற ஆக்களுக்கு இது தேவையோ எண்டு நீங்கள்தான் யோசிக்க வேணும்."

நாங்கள் என்னத்தை யோசித்தோம். இரண்டு வருசம், மிஞ்சினால் நாலு வருசம், பிரச்சினை முடிந்தால் போய்விடுவோம் என்று இருந்த காலம். வந்த சூட்கேசை அலுமாரிக்கு மேலே தூசு தட்டி வைத்திருந்தோம். இந்த ஊரில் கிழவனாவோம் என்று எங்களில் ஒருவனும் நினைக்கவில்லை. குணம் முதலில் கையெழுத்து வைத்தான், பிறகு நான். மிச்சத்தை அவரே நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். இப்படி எங்கள் ஆட்கள் எத்தனை பேர் எத்தனை இடங்களில் கையெழுத்து வைத்தார்களோ தெரியாது.

2009 தை மாதம் அவர் மூன்று நாளுக்கு மாறினார். வயது அறுபத்திமூன்று. ஒரேயடியாக ஓய்வு எடுக்காமல் வேலையைக் குறைத்துக்கொண்டு, அதே வேளை பென்சனையும் எடுக்கத் தொடங்கலாம் என்று ஒரு ஏற்பாடு கவுன்சிலில் வந்திருந்தது. ஆனால் மனேஜர் சம்மதிக்க வேண்டும். எங்கள் மனேஜர் ஜமேக்காக்காரி, நல்ல உயரம், நேரே பேசுகிற மனுசி. அவ ஒரு நிபந்தனை போட்டா. ஒரு வருசம் தருகிறேன், அதற்குள் மெஷின் அறை வேலை முழுவதையும் இவனுக்குப் பழக்கிவிட வேண்டும், பழகி முடிந்தால் அந்தப் பொறுப்பு இவனுக்கு. இவன் என்றது என்னை. திங்கள், செவ்வாய், புதன் அவர். வியாழன், வெள்ளி நான் தனிய. சனி ஞாயிறுக்கு வெளியிலிருந்து ஒரு கொம்பனி ஆள்.

யோசித்துப் பாருங்கள். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றால் அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. எனக்கு ஏதாவது தெரியாமல் இருக்கும்வரைதான் அவருடைய மூன்று நாள். இப்படி ஒரு ஏற்பாட்டை, உலகத்தில் இத்தனை பேர் இருக்க, இந்த மனிதரோடு செய்திருக்கிறார்கள்.

குணம் சொன்னான், "பாதிச் சம்பளம், பாதிப் பென்சன். ஆளும் பாதிதான். மற்றப் பாதி எங்க கிடக்கெண்டு மனிசியைத்தான் கேக்க வேணும்."

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. கிழமைக்கு ஒருமுறை ஃபில்டருக்குள் தண்ணீரை எதிர்ப்பக்கமாக அனுப்பிக் கழுவ வேண்டும். அதுவரை தன் நாட்களில் செய்துவந்த அந்த வேலையை அன்றைக்குத்தான் முதல்தரம் எனக்கு விட்டிருந்தார். அவர் சொன்ன ஒழுங்குப்படியே செய்தேன், ஒவ்வொரு வால்வையும் இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன். திரும்பப் பம்பைப் போட்டு அரை மணித்தியாலம் இல்லை, குணம் படியில் ஓடி வந்தான். "மச்சான், மேல வந்து பார். பால் மாதிரிக் கிடக்கு."

போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே பால். குளத்தின் அடி தெரியவில்லை. அடி தெரியாவிட்டால் ஒருவரையும் இறக்கக் கூடாது, அது சட்டம். கரையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நீச்சல் உடுப்போடு வரிசையில் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். மனேஜர் என்னைப் பார்க்கிறா. அவருடைய மொபைலுக்குப் போன் எடுத்தேன்.

குட்மேய்ஸிலிருந்து பஸ்ஸில் வர முக்கால் மணித்தியாலமாவது வேண்டும். பத்து நிமிசத்தில் வந்து நின்றார். கையில் சாப்பாட்டுப் பை. எப்படி வந்தார் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. "நீ மேல நிண்டு தண்ணியைப் பார்" என்று என்னை அனுப்பிவிட்டுக் கீழே போனார். கொஞ்ச நேரத்தில் பால் கரையத் தொடங்கியது, பிறகு அடியில் இருந்த கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நான் கீழே ஓடினேன். அவர் பேப்பரில் கை துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன செய்தனீங்கள் அண்ணை?"

"காத்து."

"எங்க காத்து?"

"உள்ளுக்க."

அவ்வளவுதான். மனேஜர் இறங்கி வந்து அவருக்குக் கை கொடுத்தா. என்னைப் பார்த்து, "நீ எப்போது பழகப் போகிறாய்?" என்று கேட்டா. அவர் எனக்காகப் பரிந்து பேசினார். "அவன் நல்ல பெடியன். கொஞ்சம் காலம் எடுக்கும்" என்றார். எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

அந்தக் காற்றைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது, அதுவரை கழுவுவதைத் திரும்ப அவரே செய்தார். ஏணி வைத்து நாலு தாங்கிகளின் மேலேயும் ஏறிக் கையால் தடவினேன். ஒவ்வொன்றின் உச்சியிலும், குழாய்க்குப் பின்னால், சுண்டுவிரல் அளவில், திருகித் திறக்கிற ஒரு பைப் இருந்தது. கழுவி முடிந்ததும் அதைத் திறந்து உள்ளே அடைபட்ட காற்றை விட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காற்று பொடிப்பொடிக் குமிழாகிக் குளத்துக்குள் போகும். பால் மாதிரித் தெரியும். இரண்டு நிமிச வேலை. பதின்மூன்று வருசம் அவருக்குப் பக்கத்தில் நின்றும் அந்தப் பைப்பை நான் காணவில்லை. கண்டுபிடித்ததை அவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்ததை இன்னும் ஆழமாக ஒளிப்பார் என்று பயம். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு நித்திரை போனது. ஒன்று கண்டுபிடித்துவிட்டேன், சரி. இன்னும் எத்தனை இருக்கிறது? எனக்குத் தெரியாதது எதுவென்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வருசம் ஊரில் நடக்கிற யுத்தத்தை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் முழுக்க லண்டன் தெருவில் நின்ற வருசம். வைகாசியில் எல்லாம் முடிந்த பிறகு வீடுகளில் "திரும்பிப் போனால்" என்ற கதை நின்றுவிட்டது. ஒருவரும் அதை அறிவிக்கவில்லை, தானாக நின்றது. என் மனிசி ஒருநாள் அலுமாரிக்கு மேலே இருந்த சூட்கேசை இறக்கி, துடைத்து, பழைய சாமான்களைத் தர்மத்துக்கு விற்கிற சரிட்டிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தா. வந்து சொன்னா, "உங்கட முதுகும் ஏலாமல் வருது. உங்கட அண்ணை செய்யிற மாதிரி நீங்களும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் விடலாம்தானே. போய் விசாரியுங்கோ."

போனேன். கவுன்சில் ஒஃபிசில் பென்சன் பகுதியில் இருந்த வெள்ளைக்காரப் பெண் என் பெயரை அடித்துப் பார்த்தா. பிறகு எழுந்து போய் ஒரு பேப்பரோடு வந்தா. "நீங்கள் இதில் இல்லையே. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்." ஃபோமின் பெட்டிகளுக்குள் அவருடைய கையெழுத்து, சாய்ந்த, வடிவான எழுத்து. கீழே என்னுடைய ஒப்பம். நாங்கள் கட்டுகிற அளவுக்கு மேலே கவுன்சிலும் எங்களுக்காகக் கட்டியிருக்கும் என்று அவ சொன்னா. அந்தப் பாதியை நான் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். இப்போது சேரலாம், ஆனால் போன வருசங்கள் போனதுதான், இனிமேல் வருவது சம்பளத்தையும் மிச்சம் இருக்கிற வருசத்தையும் பொறுத்தது என்றா. மிச்சம் இருக்கிற வருசம் என் கையில் இல்லை. சம்பளம் என்றால், உதவியாள் சம்பளம் ஒன்று, பொறுப்பாள் சம்பளம் ஒன்று. அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பினால்தான் நான் அதில் இருக்கலாம்.

அடுத்த திங்கட்கிழமை மெஷின் அறையில் கேட்டேன். பம்புச் சத்தத்துக்குள் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அண்ணை, எங்களுக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் சேந்திருக்கிறியள்."

"வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. யோசியுங்கோ எண்டனான்."

"எப்ப சேந்தனீங்கள்?"

"வந்த முதல் மாசம்."

"அதை அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானும் சேந்திருப்பன்."

"நீ அதைக் கேக்கேல்லையே, தம்பி."

பக்கத்தில் பெரிய ஸ்பானர் ஒன்று கிடந்தது. நான் அதைப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. அவரும் அதைப் பார்த்தார். பிறகு குளோரின் அளவு பார்க்கிற குழாயில் ஒரு குளிசையைப் போட்டுக் குலுக்கத் தொடங்கினார். தண்ணீர் றோசா நிறமாக மாறியது. "சரியாய்க் கிடக்கு" என்றார்.

புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமை வரவேற்பில் இருந்து எனக்குப் போன் தந்தார்கள். அவருடைய மனிசி. அவவை ஒரு கலியாண வீட்டில் கண்டிருக்கிறேன்.

"தம்பி, அவர் மொபைலை எடுக்கிறாரில்லை, ஒருக்காக் கூப்பிடுங்கோ. வீட்டு போய்லர் நிண்டுபோச்சு."

"அவருக்கு இண்டைக்கு வேலை இல்லையே அக்கா. திங்கள், செவ்வாய், புதன்தானே."



"எப்ப தொடக்கம்?"

"தையில இருந்து அக்கா. பென்சன் எடுத்துக்கொண்டு மூண்டு நாள் வேலை." சொல்லும்போதே இது அவவுக்குத் தெரியாது என்று எனக்கு விளங்கியது.

"எனக்கு வேலைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு அஞ்சு நாளும் சாப்பாடு கட்டிக்கொண்டு போறார், தம்பி" என்றா. ஆத்திரமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னா. "சரி, வையுங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ."

வியாழன், வெள்ளிகளில் அவர் எங்கே போனார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. எங்கள் குளத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த லைப்ரரியில், கண்ணாடிக்குப் பக்கத்து மேசையில். அங்கிருந்து எங்கள் வாசல் தெரியும். மாசி மாதம் பத்து நிமிசத்தில் வந்தது அப்படித்தான். அன்றைக்கு அவர் நான் பிழைவிடும்வரை சாப்பாட்டுப் பையோடு காத்திருந்தார் என்று குணம் சொல்லுகிறான். போக இடமில்லாமல் இருந்தார் என்று என் மனிசி சொல்லுகிறா. இரண்டும் இருக்கலாம். இரக்கப்பட முயற்சி செய்தேன், வரவில்லை.

மார்கழியில் மனேஜர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டா. வருசம் முடிகிறது, என்ன நிலைமை என்று கேட்டா. முதலில் அவர் பேசினார். நல்ல ஆங்கிலம், ஒரு வசனத்திலும் பொய் இல்லை. இவன் கவனமானவன், ஆனால் பயப்படுகிறவன், இந்த வருசம்கூடத் தண்ணீர் ஒருமுறை கெட்டது உங்களுக்குத் தெரியும், இன்னும் ஒரு வருசம் நான் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றார். மனேஜர் எழுதிக்கொண்டா. பேனையை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினா.

"உனக்குப் பழக்காதது ஏதாவது இருக்கிறதா?"

இதற்கு நான் ஒரு கிழமையாக யோசித்து வைத்திருந்த பதில் வேறு. முதுகைத் திருப்பியது, பைப்பை ஒளித்தது, ஃபோம், எல்லாவற்றையும் கொட்டிவிட இருந்தேன். ஆங்கிலச் சொற்களைக்கூட மகளிடம் கேட்டு எழுதிப் பாடமாக்கியிருந்தேன். ஆனால் அவர் என் பக்கத்தில் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, நான் முறையிடப் போகிறேன் என்று எதிர்பார்த்து, அமைதியாக இருந்தார். முறையிட்டால் என்ன நடக்கும்? பழக்கவில்லை என்றால், சரி, இன்னும் ஒரு வருசம் பழக்கு என்பா. அவர் என்னைக் கொண்டுபோக நினைத்த இடம் அதுதான்.

"இல்லை" என்றேன். "எல்லாம் காட்டித் தந்துவிட்டார். ஒன்றும் ஒளிக்கவில்லை. இப்படிப் பொறுமையாய்ப் பழக்குகிற ஒரு ஆளை நான் கண்டதில்லை."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மறுப்பதென்றால், இவனுக்கு நான் இன்னும் சிலது காட்டவில்லை என்று அவரே சொல்ல வேண்டும். ஏன் ஒரு வருசமாய்க் காட்டவில்லை என்று மனேஜர் அடுத்த கேள்வி கேட்பா. அவர் வாயை மூடினார். அவருடைய காது நுனி சிவந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். மனேஜர் சிரித்தா. அவருக்கு நன்றி சொன்னா. அப்படியென்றால் பங்குனியோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒரு கேக் வெட்டுவோம் என்றா.

வெளியே வந்ததும் அவர், "கெட்டிக்காரன்" என்றார். நான் நேரே மெஷின் அறைக்கு இறங்கினேன். சொன்னது பொய், அந்தக் காற்றுப் பைப் ஒன்றுதான் நான் கண்டுபிடித்தது, மிச்சம் எத்தனை என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பங்குனி வரை அந்த மூன்று மாதமும் அவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. காலையில் வருவார், கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பார், வேலையை என்னிடம் விட்டுவிடுவார். ஏதாவது கேட்டால், "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்பார். கேக் வெட்டிய அன்று பின்னேரம் கோட்டைப் போட்டுக்கொண்டு மெஷின் அறைக்கு வந்தார். நாலு தாங்கிகளையும் ஒருமுறை பார்த்தார். திறப்புக் கொத்தை என் கையில் தந்தார்.

"தம்பி, அந்த ரெண்டாம் ஃபில்டரை மட்டும்..." என்றார்.

நான் காத்திருந்தேன்.

"இல்லை, ஒண்டுமில்லை. பஸ் வரப் போகுது" என்று படியேறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பதின்மூன்று வருசம் அந்த அறைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்ததும் முதலில் இரண்டாம் ஃபில்டருக்கு முன்னால் போய் நிற்பேன். காதை வைத்துக் கேட்பேன், அடியைத் தடவிப் பார்ப்பேன், அமுக்கம் காட்டுகிற முள்ளை விரலால் தட்டுவேன். இரண்டு தரம் வெளியாட்களைக் கொண்டு கழற்றியும் பார்த்தாயிற்று. மற்ற மூன்றும் மாறி மாறிப் பழுதாகின. அதில் ஒருநாளும் ஒரு பிழையும் வரவில்லை.